மா விளம்பரத்துப் பெண்ணும் என் சாமத்தியவீட்டு வீடியோவும்

எனக்குப் பன்னிரண்டு வயதில் சாமத்தியவீடு நடந்தது. இதை வாசிக்கிற தங்கச்சிமாரில் பாதிப்பேருக்கு அது என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஸ்காபரோவில் ஒரு மண்டபம், முந்நூறு ஆட்கள், மூன்று சேலை மாற்று, பல்லக்கு, புகை கக்கும் மெசின். கமராக்காரர் இரண்டு பேர். அதில் ஒருவர் நாள் முழுக்க எனக்குச் சொன்ன ஒரே வசனம், "பிள்ளை, இன்னொருக்கா வெக்கப்படுங்கோ." (தம்பிமார் இப்போதே ஓடிவிடாதீர்கள். இது உங்களுக்கும்தான்.)

அன்றைக்கு எல்லோர் வாயிலும் இருந்த சொல் "பெரியபிள்ளை". பெரியபிள்ளையிடம் ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

சில கிழமை கழித்து ஏழு நிமிட வீடியோ ஒன்று யூரியூப்பில் வந்தது. எங்கள் வீட்டுக்குத் தந்த அல்பம் வேறு. இது அந்த ஸ்டூடியோவின் சொந்தப் பக்கத்தில், அவர்களின் பெயரும் ரெலிபோன் நம்பரும் மூலையில் ஓட, விளம்பரமாகப் போட்டது. எட்டாம் வகுப்பில் ஒரு பெடியன் அதைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க நான் வகுப்புக்குள் வரும்போதெல்லாம் யாராவது இருவர் பல்லக்குத் தூக்குவதுபோல நடித்துக் காட்டுவார்கள். இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

போன வருடம்தான் அம்மாவிடம் கேட்டேன். "ஏனம்மா அதைப் போட விட்டனீங்கள்?" அம்மா உண்மையாகவே விளங்காமல் பார்த்தா. "அதில என்ன பிழை? வடிவாத்தானே இருக்கிறாய்?"

இதே பதிலை ஒரு நீதிமன்றமும் ஒரு பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறது. 1902இல், எங்கள் ஒன்ராறியோ ஏரிக்கு நேர் அக்கரைப் பக்கத்தில் இருக்கிற ரொச்செஸ்ரர் நகரத்துப் பெண்ணுக்கு. அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று எழுத வந்தேன். அதற்கு முதலில் ஒரு கமராவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

படம் எடுக்கிற கலை வந்த ஆரம்பத்தில், உங்களுக்குத் தெரியாமல் உங்களைப் படம் எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கமரா பெரிய பெட்டி. அதற்கு மூன்று கால் தாங்கி வேண்டும். கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்து முடிக்கவேண்டும். எடுக்கப்படுகிறவர் அசையாமல் இருக்கவேண்டும், அசைந்தால் படம் கலங்கிவிடும். அந்த நாள் படங்களில் ஆட்கள் சிரிக்காமல் விறைத்துப்போய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இந்தச் சிரமத்துக்குள் ஒரு மரியாதை ஒளிந்திருந்தது. நீங்கள் சம்மதித்து, வந்து, உட்கார்ந்தால்தான் படம். சம்மதம் என்று தனியாகக் கேட்கத் தேவையே இல்லை.

1880களில் இது குலைந்தது. ஈரம் தேவைப்படாத தட்டுகள் வந்தன, படம் எடுக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவாயிற்று, கோட்டுக்குள் மறைத்துப் பொத்தான் துளைக்குள்ளால் எடுக்கிற கமராகூடக் கடையில் விற்றது. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் என்பவர் ரொச்செஸ்ரரில் செய்து விற்ற பெட்டிக்குப் பெயர் கொடாக். விலை 25 டொலர். உள்ளே 100 படத்துக்கான பிலிம் போட்டே வரும். 100ம் முடிந்ததும் பெட்டியை அப்படியே ரொச்செஸ்ரருக்கு 10 டொலரோடு அனுப்பினால், படங்களைக் கழுவி, புதுப் பிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நீங்கள் செய்யவேண்டியது பொத்தானை அழுத்துவது மட்டும். 1900இல் அதே நிறுவனம் பிரவுணி என்ற கமராவை ஒரே ஒரு டொலருக்கு விற்றது. அதன் விளம்பரம் யாரை நோக்கி என்று நினைக்கிறீர்கள்? சிறுபிள்ளைகளை. பிள்ளைகளின் கையில் கமரா கொடுப்பது ஐபோனோடு தொடங்கிய விசயம் இல்லை.

கொடாக் வந்து இரண்டு வருடத்தில், 1890 டிசம்பரில், பொஸ்ரன் நகரத்துச் சட்டத்தரணிகள் இருவர் ஹாவார்ட் சட்டச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாமுவேல் வொறன், லூயிஸ் பிரண்டைஸ். திடீரென்று எடுக்கிற படங்களும் வம்பளக்கிற பத்திரிகைகளும் சேர்ந்து வீட்டுக்குள் இருக்கிற வாழ்க்கையைச் சந்தைக்குக் கொண்டுவருகின்றன, இதிலிருந்து ஆட்களைக் காக்கச் சட்டத்தில் ஓர் உரிமை இருக்கவேண்டும் என்பது அவர்களின் வாதம். இன்று 'பிரைவசி' என்று நாங்கள் வாதாடுகிற எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டுரைதான் பாட்டி. வொறனின் மகளின் கலியாணத்தைப் பத்திரிகைகள் எழுதியதால்தான் அவருக்குக் கோபம் வந்தது என்று ஒரு கதை பல புத்தகங்களில் உலாவியது. வொறனே 1883இல்தான் கலியாணம் செய்தார். கட்டுரை வந்தபோது அவரின் மகளுக்கு ஏழு வயதுகூட இருந்திருக்க முடியாது. நல்ல கதை என்றால் கணக்குப் பார்க்காமல் நம்பிவிடுகிறோம்.

எப்படியோ, அது கட்டுரைதான். சட்டம் இல்லை. அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் உரசிப் பார்த்தது பராயம் அடையாத ஒரு பெண்.

அவரின் பெயர் அபிகேல் றொபர்சன். கோதுமை மா விற்கிற ஒரு நிறுவனம் அவரின் படத்தை எடுத்து, ஏறக்குறைய 25,000 விளம்பரத் தாள்களில் அச்சடித்தது. அச்சடித்துக் கொடுத்தது ரொச்செஸ்ரரில் இருந்த ஒரு பெட்டி செய்யும் கொம்பனி. படத்துக்கு மேலே ஒரு சிலேடை: ஆங்கிலத்தில் மாவுக்கும் மலருக்கும் உச்சரிப்பு ஒன்றுதானே, அதை வைத்து 'குடும்பத்தின் மலர்' என்றும் 'குடும்பத்தின் மா' என்றும் விளங்குகிற மாதிரி ஒரு வரி. கடைகள், களஞ்சியங்கள், குடிக்கிற சாலைகள் எல்லாவற்றிலும் அது தொங்கியது. அபிகேலிடம் யாரும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் கண்டு பகிடி பண்ணினார்கள். வெட்கத்திலும் மன உளைச்சலிலும் அவர் படுத்த படுக்கையாகி வைத்தியர் வரவேண்டியதாயிற்று என்று வழக்கில் சொல்லப்பட்டது. அவர் 15,000 டொலர் நட்டஈடு கேட்டார். அதைவிட முக்கியமாக, அந்தத் தாள்களை நிறுத்தச் சொல்லிக் கேட்டார்.

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அவர் பக்கம் நின்றன. ஆனால் நியூயோர்க் மாநிலத்தின் மேல் நீதிமன்றம் 1902இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வழக்கைத் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி அல்ரன் பார்க்கர். இப்படியோர் உரிமை சட்டத்தில் இதுவரை இல்லை, இன்று இதை ஏற்றால் நாளை பார்வைக்கும் பேச்சுக்கும்கூட வழக்கு வரும் என்பது அவரின் பயம். அதைக்கூட நான் விளங்கிக்கொள்வேன். ஆனால் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதினார். படம் நல்ல படம்தானே, வேறு யாராவது என்றால் தன் அழகுக்குக் கிடைத்த பாராட்டு என்று சந்தோசப்பட்டிருப்பார்கள் என்ற கருத்தில்.

வடிவாத்தானே இருக்கிறாய்.

அம்மா சட்டம் படிக்காதவ. நூறு வருடத்துக்கு முன் ஒரு தலைமை நீதிபதி எழுதியதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டா என்று அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

அபிகேலின் கதை அங்கே முடியவில்லை. 1904இல் அதே பார்க்கர் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஆனார். அவரின் வீட்டைச் சுற்றிப் பத்திரிகைப் படக்காரர்கள் மொய்த்தார்கள். தன்னையும் குடும்பத்தையும் இப்படி நினைத்த நேரமெல்லாம் படம் எடுக்கக்கூடாது, வீட்டில் நிம்மதியாக நிற்க விடுங்கள் என்று அவர் முறையிட்டார். அதைப் பார்த்த அபிகேல் றொபர்சன் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வழியாக அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நீங்கள் கேட்கிற உரிமை இல்லை என்று எனக்குத் தீர்ப்புச் சொன்னதே நீங்கள்தானே என்ற பொருளில். வரலாற்றில் இப்படி ஒரு பதிலடி கொடுக்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்! பார்க்கர் தேர்தலில் தியடோர் ரூஸ்வெல்ற்றிடம் தோற்றார். கடிதத்தாலேயே தோற்றார் என்று நான் சொல்லமாட்டேன், ஆசையாக இருந்தாலும்.

அந்தக் கடிதத்துக்கு முன்னமே சட்டம் மாறிவிட்டது. தீர்ப்பின்மேல் மக்களுக்கு வந்த கோபத்தில் 1903இல் நியூயோர்க் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. ஒருவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கும் வியாபாரத்துக்கும் பாவிப்பதென்றால் அவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் குற்றம். ஒரு பெண்ணின் வழக்கால் வந்த சட்டம் இது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அதில் ஒரு சின்ன வரி இருக்கிறது. எனக்கு இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வரியில்தான் நிற்கிறது. படத்தில் இருப்பவர் பராயம் அடையாதவர் என்றால், சம்மதம் தரவேண்டியவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர்.

1903இல் இதை எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களின் மனதில் ஒரு பக்கம் கொம்பனி, மறுபக்கம் பிள்ளை, நடுவில் பிள்ளையைக் காக்க நிற்கிற தாய் தகப்பன். கையெழுத்துப் போடுகிறவரே படத்தையும் வெளியே கொடுப்பார் என்ற நிலைமை அவர்களுக்குத் தோன்றவில்லை. எண்பது வருடம் கழித்து அது தோன்றியது. நடிகை புறூக் ஷீல்ட்ஸ் பத்து வயதில் இருந்தபோது எடுத்த சில படங்களுக்கு அவரின் தாய் கையெழுத்திட்டிருந்தார். வளர்ந்தபின் ஷீல்ட்ஸ் அந்தப் படங்கள் இனி வெளியே போகக்கூடாது என்று வழக்குப் போட்டார். 1983இல் அதே மேல் நீதிமன்றம், அதே 1903 சட்டத்தை வைத்து, தாயின் கையெழுத்து மகளைக் கட்டும் என்றது. கணக்கு மறுபடியும் நான்குக்கு மூன்று.

இன்ரர்நெற் வந்தபிறகும் இந்தச் சிந்தனை பெரிதாக மாறவில்லை. 1998இல் அமெரிக்கா செய்த சட்டத்தின்படி, 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விபரங்களை ஓர் இணையத்தளம் சேர்ப்பதென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். உங்களுக்கு 13 வயது வரும்வரை கணக்குத் திறக்க விடாமல் இத்தனை செயலிகள் மறிக்கின்றனவே, அது இதனால்தான். (எத்தனை பேர் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.) இங்கேயும் பெற்றோர் காவல்காரர்தான். காவல்காரரே முந்நூறு படத்தைப் பேஸ்புக்கில் ஏற்றினால் என்ன செய்வது என்று அந்தச் சட்டத்தில் இல்லை.

இதைத் தொட்ட நாடு என்றால் பிரான்ஸ். 2024 பெப்ரவரியில் வந்த சட்டம், பிள்ளையின் படத்தைக் காப்பதும் பெற்றோரின் கடமைக்குள் வரும் என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றபடி பிள்ளையையும் அந்த முடிவில் சேர்க்கவேண்டும் என்கிறது. தாயும் தகப்பனும் ஒத்துப்போகாவிட்டால் நீதிபதி மறிக்கலாம். பாரிசில், லா சப்பல் பக்கம் சாமத்தியவீடு செய்கிற மாமிமாருக்கு இதை யாராவது சொன்னார்களோ தெரியாது.

எனக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். அம்மாவையும் பிள்ளையையும் நீதிபதிக்கு முன் நிறுத்துகிற எந்தச் சட்டத்தையும் நான் ஆசையோடு பார்க்கவில்லை. அம்மா ஏன் போடுகிறா என்று எனக்குத் தெரியும் என்பதுதான் காரணம்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள்: மழை, இருட்டு, நாவற்குழிப் பாலம், அடி எடுத்து வைக்க இடமில்லாத கூட்டம். அம்மாவுக்கு அப்போது பதினேழு. அம்மம்மா நகையும் உறுதிகளும் பள்ளிக்கூடச் சேட்டிபிக்கற்றும் எடுத்தா. அல்பம் அலுமாரிக்குள் இருந்தது. பாரம் என்று விட்டுவிட்டா, இரண்டு நாளில் திரும்பி வரலாம்தானே என்று. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை.

அம்மாவின் சின்ன வயசுப் படம் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. முற்றத்தில் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே துணியில் தைத்த சட்டையோடு நிற்கிற படம். அது தப்பியதற்குக் காரணம், ஜேர்மனியில் இருந்த மாமாவுக்கு அதைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்ததெல்லாம் போய்விட்டது. ஊருக்கு வெளியே அனுப்பியது மட்டும் மிஞ்சியது.

இந்தப் பாடத்தைப் படித்த ஒருவரிடம் போய், "படத்தைப் பகிராதீர்கள், உங்களிடமே வைத்திருங்கள்" என்று நான் எப்படிச் சொல்வது? 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் இருக்கிற தாய்மாரைப் பாருங்கள். அவர்களின் கையில் இருக்கிற படம்தான், அந்தப் பிள்ளை இருந்தது என்பதற்கான சாட்சி. எங்கள் பெற்றோர் போனில் அந்தப் பொத்தானை அழுத்தும்போது அவர்களுக்குள் இதெல்லாம் இருக்கிறது. கொடாக்கும் ஹாவார்ட்டும் இல்லை.

ஆனாலும் நான் அபிகேல் பக்கம்தான். அம்மாவின் பயம் உண்மை, அதன் விலையை எட்டாம் வகுப்பில் நான்தான் கொடுத்தேன். அழிந்துபோகாமல் காப்பது வேறு, ஒரு கடையின் ரெலிபோன் நம்பருக்குக் கீழே தொங்க விடுவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கே பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. பிரைவசி என்ற சொல்லை எடுத்தாலே அம்மாவுக்கு, பிள்ளை எதையோ ஒளிக்கப்போகுது என்றுதான் கேட்கும். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, மா விளம்பரத்துக் கதையைச் சொன்னேன். இருபத்தையாயிரம் தாள் என்றதும் "அட பாவமே" என்றா. நீதிபதி சொன்னதைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை.

நானும் சுத்தம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அம்மா சோபாவில் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்கிற படத்தை இன்ஸ்ராகிராம் ஸ்ரோரியில் போட்டேன். அத்தையின் மகள் பார்த்து, அத்தைக்குக் காட்டி, அத்தை அம்மாவுக்கு எடுத்துச் சிரித்து, ஒரு பெரிய சண்டை. "என்னட்டக் கேட்டியே?" என்று அம்மா கேட்டா. பகிடிக்குத்தானே அம்மா, வடிவாத்தானே இருந்தீங்கள் என்று நான் சொன்ன பதில் இப்போதுதான் எனக்கே கேட்கிறது.

ஸ்டூடியோவுக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். ஒப்பந்தத்தில் அம்மாவின் கையெழுத்து இருக்கிறதாம், விளம்பரத்துக்குப் பாவிக்கலாம் என்ற வரியோடு. எடுக்கவேண்டும் என்றால் கையெழுத்துப் போட்டவர்தான் கேட்கவேண்டுமாம். எனக்கு இப்போது இருபத்தைந்து வயது. 1903 ரொச்செஸ்ரரில் நிற்பதுபோல இருந்தது.

அம்மா ரெலிபோன் எடுத்தா. ஸ்பீக்கரில் போட்டு, முதலில் அவரின் சுகம், மனிசியின் சுகம், ஊர் எது என்பதெல்லாம் விசாரித்து, கடைசியில், "தம்பி, பிள்ளைக்கு விருப்பமில்லையாம், எடுத்துவிடுங்கோ" என்றா. பின்னேரத்துக்குள் வீடியோ போய்விட்டது. யாராவது இறக்கி வைத்திருந்தால் அது வேறு விசயம்.

அதற்குப் பிறகு அண்ணாவின் மகள் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறு வயது. அம்மா போனை நீட்டி, "குஞ்சு, அப்பம்மா இதை அனுப்பட்டோ?" என்று ஒவ்வொரு படமாகக் காட்டினா. ஒன்பது படத்தில் இரண்டுக்கு "ஓம்". மற்றதெல்லாம் "நோ", அதுவும் மூக்கில் பல்லில்லாத வாய் திறந்திருக்கிறது, சொக்ஸ் வேறு வேறு நிறம் என்று காரணத்தோடு. அம்மா என்னைப் பார்த்து முறைத்தா. பிறகு இரண்டை மட்டும் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினா.

அன்றிரவு நான் அந்த முற்றத்துப் படத்தைப் பற்றிக் கேட்டேன். ஸ்கான் பண்ணி வைப்போமா, இதையும் குழுவில் போடுவோமா, பெரியமாமாவின் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள்தானே என்று. அம்மா படத்தைக் கையில் எடுத்துக் கன நேரம் பார்த்தா. பெரியம்மா 2009க்குப் பிறகு இல்லை.

"ஸ்கான் பண்ணி வை," என்றா. "போடாதே. அக்காவிட்டக் கேக்கேலாதே."